ஆயாவோட மூக்குத்தியைத் தின்ன ஃபில்டர்

ரொம்ப நாளா கடைப் பக்கம் வரல. போன வாரம் பரண் சுத்தம் பண்ணப்போ ஒரு பழைய ஃப்ரேம் கையில மாட்டிச்சு. அதைப் பார்த்ததுல இருந்து மனசு சரியில்ல. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் பெருசாப் போகும், பொறுத்துக்குங்க.

விஷயம் இதுதான். டிஜிட்டல் கேமராவுல எடுத்த போட்டோவை மென்பொருள்ல போட்டு, ஒரு ஃபில்டரைத் தட்டி, ஆயில் பெயின்டிங் மாதிரியோ வாட்டர்கலர் மாதிரியோ மாத்துறோம் இல்லையா, அது. நம்மள்ல பாதிப் பேர் ஒரு காலத்துல இதைப் பண்ணியிருப்போம். மீதிப் பாதி பண்ணினதை ஒத்துக்க மாட்டாங்க :-)

இதைப் பத்தி ரெண்டு கட்சி உண்டு. "இதெல்லாம் ஓவியமாய்யா, பட்டனைத் தட்டினா வர்றது"ன்னு ஒரு கட்சி. "நான் ரசிக்கிறேன், உனக்கென்ன"ன்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டு பக்கமும் இருந்து சண்டை போட்டிருக்கேன். இப்போ எனக்கு அந்தச் சண்டையே தப்பான இடத்துல நடக்குதுன்னு தோணுது. ஏன்னு சொல்றேன்.

முதல்ல என் பூர்வ ஜென்மப் பாவத்தைச் சொல்லிடறேன். 2005 கடைசில 3.2 மெகாபிக்சல் கேமரா ஒண்ணு வாங்கினேன். பாண்டியில கேமரா வச்சிருக்கிறவனுக்கு சப்ஜெக்ட் பஞ்சமே கிடையாது. துமாஸ் வீதில மஞ்சள் சுவர், மேல காகிதப்பூ, கீழ ஒரு மரக் கதவு, ஓரமா சாத்தி வச்ச சைக்கிள். எந்தப் பக்கம் திரும்பினாலும் காலண்டர் படம்தான். எடுத்துட்டு வந்து கிம்ப்ல திறந்து, ஆயில் ஃபில்டர் போட்டா, ஏதோ பாரிஸ்ல ஏலத்துல எடுத்த ஓவியம் மாதிரி இருக்கும். கோடு போட ஸ்கேல் வச்சாலும் கோணலாப் போடுற ஆளு நான். எனக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் தெரியுமா! ஸ்கூல்ல டிராயிங் நோட்டுல நான் போட்ட யானையைப் பார்த்துட்டு "இது என்ன, தண்ணி டேங்க்கா?"ன்னு கேட்ட வாத்தியாரை நேர்ல கூப்பிட்டுக் காட்டணும்போல இருந்துச்சு.

காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், ஆயி மண்டபம், மணக்குள விநாயகர் கோயில் வாசல்ல நின்ன லட்சுமி யானை, எல்லாத்துக்கும் போட்டேன். யானைத் தோலுக்கு அந்த ஃபில்டர் அப்படி ஒரு பொருத்தம். 2022 நவம்பர் 30ல லட்சுமி செத்துப் போச்சு. அன்னிக்கு ஊரே அழுதுச்சு. நானும் என் பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். யானை இருந்துச்சு. நெத்தில எழுதியிருந்த கோலம் கரைஞ்சு போயிருந்துச்சு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். சரி, அதுக்கு முன்னாடியே பெரிய அடி வாங்கினவன் நான்.

2006 பொங்கலுக்கு மொத நாள். எங்க வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதில. பழைய காலத்து வீடு. தெருப் பக்கம் திண்ணை, ரெண்டு மரத் தூணு, தூணுக்கு மேல பூ செதுக்கின போதிகை. திண்ணைல உட்கார்ந்து ஆயா மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. (எங்க ஊர்ப் பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம்.) சாயங்கால வெயில் சாய்வா விழுந்து, முகத்துல பாதி வெளிச்சம், பாதி நிழல். ஆயாவுக்கு மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி. வலது பக்கத்துது மட்டும் மின்னுச்சு. கேமராவைப் பார்க்காம, முறத்தைப் பார்த்துக்கிட்டு, ஏதோ முணுமுணுத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரே ஒரு க்ளிக். என் வாழ்க்கைல நான் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான்னு இன்னிக்கும் சொல்வேன்.

அன்னிக்கு ராத்திரியே கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். 256 எம்பி ராம் வச்ச பொட்டி. பெரிய படத்துக்கு ஃபில்டர் போட்டா டீ குடிச்சிட்டு வர்ற நேரம் ஆகும். அதனால முதல்ல படத்தை 640க்கு 480ன்னு சின்னதாக்கினேன். அப்புறம் ஆயில் ஃபில்டர். அப்புறம் கொஞ்சம் மஞ்சளை ஏத்தினேன். சேமிக்கப் போனப்போ "அதே பேர்ல ஏற்கனவே ஒரு கோப்பு இருக்கு, மாத்தி எழுதட்டுமா?"ன்னு அது மரியாதையாக் கேட்டுச்சு. நான் அதைவிட மரியாதையா "ஆமா"ன்னு தட்டினேன். கேமரா அட்டையை அழிச்சிட்டு மறுநாள் மாட்டுப் பொங்கலுக்கு... இல்ல இல்ல, பெரும்பொங்கலுக்குப் படம் எடுக்கப் போயிட்டேன்.

கணக்கு பார்த்தா இப்படி வரும். 3.2 மெகாபிக்சல் படத்துல 2048க்கு 1536, ஏறக்குறைய 31 லட்சம் புள்ளி. 640க்கு 480ல 3 லட்சம் புள்ளி. அதாவது ஃபில்டர் கை வைக்கிறதுக்கு முன்னாடியே பத்துல ஒன்பது பங்கை நானே தூக்கிப் போட்டாச்சு. மிச்சத்தை ஃபில்டர் பார்த்துக்கிச்சு.

பிரின்ட் போட்டு, ஃப்ரேம் போட்டு, ஆயாகிட்ட பெருமையாக் கொண்டு போய்க் குடுத்தேன். ஆயா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"யார்றா இது?"

"நீதான் ஆயா."

"நானா? என் மூக்குத்தி எங்கடா போச்சு?"

எல்லாரும் சிரிச்சோம். ஆயாவும் சிரிச்சாங்க. "ஆயா, இது ஓவியம், இதுல எல்லாம் அப்படித்தான் இருக்கும்"னு நான் கலை விளக்கம் வேற குடுத்தேன். ரெண்டு நாள் ஹால்ல மாட்டியிருந்துச்சு, அப்புறம் காலண்டருக்கு இடம் விட்டு உள்ளே போச்சு.

2009ல ஆயா போயிட்டாங்க. படத்திறப்புக்குப் படம் வேணும். தேடினா, ஆயா தனியா இருக்கிற நல்ல படம் இது ஒண்ணுதான். கல்யாணக் கூட்டத்துல மூணாவது வரிசைல நிக்கிறது, பேரப்பிள்ளை காதுகுத்துல பாதி முகம் மறைஞ்சது, இப்படித்தான் மத்ததெல்லாம். ஹார்ட் டிஸ்க் அதுக்குள்ள ஒரு தடவை செத்துப் பொழைச்சிருந்துச்சு. நான் அந்த ஓவியத்தை சிடில போட்டு ஸ்டூடியோவுக்கு எடுத்துட்டுப் போனேன். முகத்தை மட்டும் எடுத்துப் பெருசு பண்ணிக் குடுங்கன்னேன். அவர் திரையில பெருசாக்கிப் பார்த்தார். கன்னம் ஒரு திட்டு, நெத்தி ஒரு திட்டு, கண்ணு இருக்க வேண்டிய இடத்துல பழுப்பா ஒரு திட்டு.

"இதுல எடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. உள்ள ஒண்ணுமே இல்ல"ன்னார்.

கடைசில வாக்காளர் அடையாள அட்டை படத்தைப் பெருசாக்கித்தான் மாலை போட்டோம். அந்த அட்டைப் படம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். இன்னிக்கும் எங்க வீட்டு ஹால்ல, யாரையோ பார்த்து பயந்துபோன மாதிரி ஆயா பார்த்துக்கிட்டு இருக்காங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு பாகப்பிரிவினைல வீடும் போச்சு. இடிச்சிட்டு அடுக்குமாடி வந்துடுச்சு. தூணு எங்க போச்சுன்னு தெரியாது. போதிகைல செதுக்கியிருந்தது தாமரையா, வாழைப்பூவான்னு எனக்கும் என் தம்பிக்கும் இன்னும் தீராத வாக்குவாதம். தீர்த்து வைக்க வேண்டிய சாட்சி என்கிட்டதான் இருக்கு. பரண்ல கிடைச்ச ஃப்ரேம். அதுல போதிகை இருக்கிற இடத்துல பிரவுன் கலர்ல ஒரு தடவல்.

சரி, அந்த ஃபில்டர் உள்ளே என்னதான் பண்ணுது? இது தெரிஞ்சப்போதான் எனக்குக் கோபம் அதன்மேல இருந்து என்மேல திரும்புச்சு.

பாண்டிக்காரங்களுக்குத் தேர்தலை வச்சுச் சொன்னாத்தான் சட்டுனு புரியும். கிம்ப்ல இருக்கிற அந்த ஆயில் ஃபில்டர் ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு குட்டித் தேர்தல் நடத்துது. புள்ளியைச் சுத்தி ஒரு கட்டம் போட்டுக்கும். 7க்கு 7ன்னு வைங்க, 49 புள்ளி, 49 ஓட்டு. எந்த அளவு வெளிச்சம், எந்த நிறம் அதிக ஓட்டு வாங்குதோ அதுதான் ஜெயிக்கும். நடுவுல இருக்கிற புள்ளிக்கு ஜெயிச்ச நிறத்தையே பூசிடும். அப்புறம் அடுத்த புள்ளி, அடுத்த தேர்தல். பக்கத்துப் பக்கத்துத் தொகுதில எல்லாம் ஒரே கட்சி ஜெயிக்கிறதால நிறம் திட்டுத் திட்டாச் சேரும். அந்தத் திட்டைத்தான் நாம பிரஷ் தடவல்னு நினைச்சுக்கிறோம்.

இப்போ ஆயாவோட மூக்குத்திக்கு வாங்க. 640க்கு 480 படத்துல அது மிஞ்சிப்போனா ரெண்டு புள்ளி. சுத்தி இருக்கிற 47 ஓட்டு மூக்குத் தோலோடது. டெபாசிட் திரும்பக் கிடைக்கவே ஆறுல ஒரு பங்கு ஓட்டு வேணும். மூக்குத்திக்கு டெபாசிட் காலி. கண்ணுல இருந்த வெளிச்சத்துக்கும் அதே கதி. யானை நெத்திக் கோலத்துக்கும், தூணு போதிகைக்கும் அதே கதி. சின்னதா இருக்கிறது எதுவோ அது தோத்துடும். அது முக்கியமா, முக்கியமில்லையான்னு ஃபில்டருக்குத் தெரியாது.

இன்னொரு வேடிக்கை. ஓவிய ஃபில்டர்கள்ல ரொம்பப் பேர் போன முறை ஒண்ணுக்கு குவாஹரா ஃபில்டர்னு பேரு. 1976ல ஜப்பான்ல குவாஹராவும் அவர் கூட இருந்தவங்களும் அதைச் சொன்னது ஓவியத்துக்காக இல்ல, இதயத்தை எடுக்கிற மருத்துவப் படங்களுக்காக. படத்துல புள்ளி புள்ளியா இருக்கிற இரைச்சலை, ஓரம் மங்காம எடுக்கணும். அதுதான் வேலை. செஞ்சு பார்த்தா படம் பெயின்டிங் மாதிரி திட்டுத் திட்டா வந்துச்சு. பின்னால வந்தவங்க அதை ஓவியத்துக்குப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆக அடிப்படைல இது இரைச்சலை நீக்குற சமாச்சாரம். எங்க ஆயா மூக்குத்தி அதுக்கு இரைச்சல்.

இதையெல்லாம் எங்க தெருவுல இருந்த டிராயிங் மாஸ்டர் ஒருத்தர்கிட்ட புலம்பினேன். (தண்ணி டேங்க் வாத்தியார் இல்ல, இவர் வேற.) அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்துல படிச்சவர். ஃபில்டரைத் திட்டுவார்னு எதிர்பார்த்தேன். அவர் திட்டல.

"நாங்களும் அதைத்தான் செய்வோம் தம்பி. வரையறதுக்கு முன்னாடி கண்ணைச் சுருக்கிப் பார்ப்போம். அப்போ விவரமெல்லாம் கரைஞ்சு பெரிய பெரிய நிறமாத் தெரியும். அதை முதல்ல போடுவோம். அது வரைக்கும் உன் கம்ப்யூட்டர் சரியாத்தான் செய்யுது. அதுக்கப்புறம் நாங்க கண்ணைத் திறப்போம். முகத்துக்குக் கிட்ட வந்து சின்ன பிரஷ் எடுப்போம். உன் கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்கவே இல்ல."

அதுக்கு அவர் காட்டின உதாரணம் பாரதியார். பாண்டியில இருந்துக்கிட்டு வேற யாரைச் சொல்ல முடியும்! 1908லேருந்து 1918 வரைக்கும் இங்க இருந்தவர். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதில அவர் இருந்த வீடு இப்போ நினைவு இல்லம். பாரதி முகம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன தெரியுது? முண்டாசு, முறுக்கின மீசை, நெத்தில பொட்டு, நெருப்பா ரெண்டு கண்ணு. பள்ளிக்கூடச் சுவர்ல இருந்து ஆட்டோ முதுகு வரைக்கும் இருக்கிற அந்த முகம் போட்டோவுல இருந்து நேரா வந்தது இல்ல, ஓவியர்கள் கை வழியா வந்தது. அதுல ரொம்பப் பேர் போன படத்தை வரைஞ்சவர் ஆர்யான்னு அழைக்கப்பட்ட பாஷ்யம். 1932 ஜனவரி 26ல சென்னைக் கோட்டைக் கொடிமரத்துல ஏறி தேசியக் கொடியைக் கட்டின அதே ஆர்யாதான்.

பாரதியாரோட அசல் போட்டோக்களை விரல் விட்டு எண்ணிடலாம். பாண்டியில இருந்தப்போ செல்லம்மாவோட எடுத்துக்கிட்டது, 1919ல காரைக்குடில எடுத்தது, இப்படிக் கொஞ்சமே கொஞ்சம். அந்தப் போட்டோக்களைப் பக்கத்துல வச்சு ஓவியத்தைப் பாருங்க. போட்டோல இருக்கிறவர் ஒல்லியான மனுஷர். வறுமை தெரியும், அசதி தெரியும். ஓவியத்துல அது குறைஞ்சிருக்கும். பின்னணி காணாமப் போயிருக்கும். துணி மடிப்பு எளிமையாகியிருக்கும். கண்ணு மட்டும் கூடியிருக்கும். ஆக, ஓவியரும் தூக்கிப் போட்டிருக்கார். நிறையவே தூக்கிப் போட்டிருக்கார். ஆனா எதைத் தூக்கிப் போடறது, எதை விடக்கூடாதுன்னு ஒரு மனுஷன் உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்கார். ஃபில்டர் முதல்ல காவு குடுக்கிற கண்ணைத்தான் அவர் கடைசி வரைக்கும் காப்பாத்தியிருக்கார்.

அது சரியான முடிவாங்கிறது வேற கேள்வி. அசதியான பாரதியைத்தான் எனக்குப் பிடிக்கும்னு ஒருத்தர் சொல்லலாம். அப்படிச் சொல்ல முடியுறதே அசல் போட்டோ இருக்கிறதாலதான். ஓவியம் வந்ததும் போட்டோவை யாரும் கிழிச்சுப் போடல. இதுதான் எனக்கும் நம்ம ஊர் ஓவியர்களுக்கும் இருக்கிற வித்தியாசம் :-(

போட்டோவுக்கு மேல பிரஷ் வைக்கிறது நமக்குப் புதுசும் இல்ல. கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டூடியோக்கள்ல பிரின்ட் மேல கையாலயே வர்ணம் பூசுவாங்க. நெகட்டிவ் மேல பென்சில் வச்சு முகத்துச் சுருக்கத்தைக் குறைப்பாங்க. அந்த மாதிரி பழைய படங்களைப் பார்த்திருப்பீங்க. புடவைக்கு ஒரு பச்சை, ரவிக்கைக்கு ஒரு சிவப்பு, அப்புறம் தோடு, அட்டிகை, மூக்குத்தி மேல தனித்தனியா மஞ்சள் பொட்டு. கவனிச்சீங்களா? அவங்க நகையை விடவே மாட்டாங்க. படம் எடுக்க வர்ற அம்மா என்ன கேப்பாங்கன்னு பூசுறவருக்குத் தெரியும். எங்க ஆயா கேட்ட அதே கேள்விதான்.

அந்தப் படங்களோட அருமையும் இப்போதான் தெரியுது. இங்க புனித லூயி வீதில இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1955ல ஆரம்பிச்சது. கோயில், சிற்பம்னு ஒரு லட்சத்துக்கும் மேல போட்டோ சேர்த்து வச்சிருக்காங்க. அவங்களே 2010களில் பிரிட்டிஷ் நூலகத்தோட உதவியில, 1880லேருந்து 1980 வரைக்குமான தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடிப் பிடிச்சு ஸ்கேன் பண்ணிக் காப்பாத்துற வேலையைச் செஞ்சாங்க. நாடறிஞ்ச தலைவர்கள் படம் இல்ல, நம்ம தாத்தா ஆயா மாதிரி ஆட்கள் ஸ்டூடியோவுல விறைப்பா நின்ன படங்கள். நூறு வருஷத்துக் கண்ணாடித் தகடு தப்பிச்சிருக்கு. என் மூணு வருஷத்துப் படம் தப்பிக்கல.

கட்டடத்துக்கும் இதே கதைதான். கடற்கரைச் சாலைல இருந்த மேரி கட்டடம், அதான் பழைய நகரமன்றம், 2014 நவம்பர் 29ல மழையில இடிஞ்சு விழுந்துச்சு. பழைய மாதிரியே திரும்பக் கட்டி 2021 பிப்ரவரில திறந்தாங்க. பழைய மாதிரியேன்னா, ஜன்னல் எத்தனை, வளைவு எப்படி, கைப்பிடிச் சுவர்ல என்ன வேலைப்பாடுன்னு எங்கேயாவது தெளிவா இருந்தாத்தானே முடியும்? என்கிட்ட அந்தக் கட்டடத்தோட ஆயில் பெயின்டிங் ஏழு இருக்கு. ஏழையும் சேர்த்து வச்சாலும் ஒரு ஜன்னல் செய்ய முடியாது.

இதுக்கு ஒரு பதில் வரும்னு எனக்குத் தெரியும். "அண்ணே, இப்போ ஏஐ இருக்கு, மங்கலான படத்தை எல்லாம் தெளிவாக்கிடுது." ஆமா, வந்துடுச்சு. 2015ல ஜெர்மனில டூபிங்கன்ல மூணு ஆராய்ச்சியாளர்கள், ஒரு போட்டோவை எடுத்து வான்கோ பாணில மாத்திக் காட்டினாங்க. அடுத்த வருஷமே பிரிஸ்மான்னு ஒரு செயலி வந்து எல்லார் போன்லயும் ஓவியரை உட்கார வச்சுது. 2025 மார்ச்சுல கிப்லி பாணிப் படம்னு ஊரே பைத்தியமா இருந்துச்சு. எங்க தெரு டீக்கடைக்காரர்கூட ஜப்பான் கார்ட்டூன் ஆகியிருந்தார். நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

அந்தச் சமயத்துல என் பொண்ணு அந்த ஆயா படத்தையும் குடுத்து, "இதை நிஜ போட்டோவா மாத்து"ன்னு கேட்டுப் பார்த்தா. வந்துச்சு. அசந்துட்டேன். ஒவ்வொரு சுருக்கமும் தெளிவா, கண்ணுல வெளிச்சத்தோட, ஒரு பக்கம் மூக்குத்தியோட, அழகா ஒரு வயசான அம்மா. என் அம்மாகிட்ட காட்டினோம். அம்மா ஒரு நிமிஷம் பார்த்துட்டு போனைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. "நல்லாருக்கு. யாரு இவங்க?"ன்னாங்க.

ஆயாவுக்கு ரெண்டு மூக்குத்தின்னு அந்த மெஷினுக்கு யார் சொல்றது? இல்லாததை அது ஊகிச்சு நிரப்புது. உலகத்துல இருக்கிற ஆயாக்களோட சராசரியை எடுத்து எங்க திண்ணைல உட்கார வச்சிடுச்சு. பழைய ஃபில்டர் அழிச்சது. புதுசு அழிச்ச இடத்துல வேற ஆளைக் கொண்டு வந்து வைக்குது. எனக்கென்னவோ ரெண்டாவதுதான் பயமா இருக்கு. இன்னும் இருபது வருஷம் கழிச்சு என் பேரப்பிள்ளைகிட்ட அந்தப் படம் மட்டும் இருந்தா, அது அதைத்தானே கொள்ளுப்பாட்டின்னு நம்பும்?

அதனாலதான் சொல்றேன், "ஃபில்டர் போட்டது ஓவியமா"ங்கிற சண்டை தப்பான சண்டை. கேட்க வேண்டியது ரெண்டே கேள்வி. எதை விடறது, எதை வைக்கிறதுன்னு முடிவு பண்ணினது யாரு? விட்டதெல்லாம் எங்கேயாவது பத்திரமா இருக்கா? முதல் கேள்விக்கு "நான்"னு பதில் சொல்ல முடிஞ்சா அது உங்க படம், தைரியமா பேர் போட்டுக்குங்க, எவன் கேக்கிறான் பார்க்கலாம். ரெண்டாவது கேள்விக்கு "இருக்கு"ன்னு சொல்ல முடிஞ்சா அப்புறம் என்ன வேணா விளையாடுங்க.

இந்த முதல் கேள்வியை ஆரம்பத்துலயே யோசிச்ச ஆளும் உண்டு. பால் ஹேபர்லின்னு ஒருத்தர் 1990ல ஒரு முறையைச் சொன்னார். அதுல கம்ப்யூட்டர் தானா பூசாது. நீங்க மவுஸைப் பிடிச்சு கோடு இழுக்கணும். கோட்டோட நிறத்தை மட்டும் அது அடியில இருக்கிற போட்டோல இருந்து எடுத்துக் குடுக்கும். எங்க பெரிய பிரஷ், எங்க சின்ன பிரஷ்னு முடிவு பண்றது கை. நாமதான் சோம்பல்ல அதையும் பட்டன்கிட்ட குடுத்துட்டோம்.

நான் இப்பவும் ஃபில்டர் போடறேன். எப்படிப் போடறேன்னு சொல்லிடறேன், யாருக்காவது உதவும்.

ஒண்ணு, அசல் இருக்கிற ஃபோல்டர்ல வேலையே செய்யறது இல்ல. நகல் எடுத்து, வேற பேர் வச்சு, வேற ஃபோல்டர்ல போட்டுட்டுத்தான் திறக்கிறது.

ரெண்டு, படத்தைச் சின்னதாக்குறது கடைசிலதான். இப்போ இருக்கிற கம்ப்யூட்டருக்குப் பெரிய படம் ஒரு விஷயமே இல்ல.

மூணு, ஒரே ஃபில்டரை ஒரே அளவுல படம் முழுக்கப் போடறது இல்ல. அதே படத்தை மூணு லேயரா வச்சுப்பேன். அடியில இருக்கிறதுக்குப் பெரிய கட்டம், சுவருக்கும் வானத்துக்கும். நடுவுல இருக்கிறதுக்குச் சின்னக் கட்டம், உடம்புக்கும் துணிக்கும். மேல இருக்கிறதுக்கு ஃபில்டரே கிடையாது. மேல் ரெண்டு லேயருக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, எங்க விவரம் வேணுமோ அங்க மட்டும் வெள்ளை பிரஷ்ஷால தேய்ச்சு வெளியே கொண்டு வருவேன். கண்ணு, விரல், உதட்டு ஓரம், நகை. மாஸ்டர் சொன்ன "கண்ணைத் திறக்கிறது" இதுதான். ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

நாலு, ஃபில்டருக்கு முன்னாடியே வேண்டாததை நானே எடுத்துடுவேன். குறுக்கே போற கேபிள் ஒயர், பிளாஸ்டிக் குடம், பாதி பைக். (குடத்தை எடுக்கும்போது இப்பல்லாம் ரெண்டு தடவை யோசிக்கிறேன். இருபது வருஷம் கழிச்சு அந்தக் குடமும் ஒரு சாட்சிதானே. அதனாலயும் அசல் பத்திரம்.)

அஞ்சு, அசல் மூணு இடத்துல. ஒண்ணு வீட்டுக் கம்ப்யூட்டர், ஒண்ணு வெளியில மாட்டுற டிஸ்க், ஒண்ணு வேற ஊர்ல இருக்கிற தம்பி வீடு. கூடவே யாரு, எங்க, எந்த வருஷம்னு ஒரு வரி எழுதி வச்சுடறது.

இந்தப் பொங்கலுக்கு அம்மாவை எடுத்தேன். திண்ணை இல்ல, அடுக்குமாடி பால்கனிலதான். மொச்சைதான் உரிச்சாங்க. ராத்திரி உட்கார்ந்து பெயின்டிங் ஆக்கினேன். சுவத்தைக் கரைச்சேன், கம்பி வலையைக் கரைச்சேன், முகத்துக்கிட்ட கண்ணைத் திறந்தேன். மூக்குத்தியை மட்டும் மூணு புள்ளி பிரஷ் எடுத்து நானே வச்சேன். வாழ்க்கைல நான் கையால வரைஞ்ச ஒரே உருப்படியான விஷயம் அதுவாத்தான் இருக்கும். காலைல அம்மாகிட்ட காட்டினப்போ அவங்க முதல்ல பார்த்தது அதைத்தான். "ம், இருக்கு"ன்னாங்க. அவ்வளவுதான் விமர்சனம்.

உங்ககிட்ட ஒரே வேண்டுதல். இன்னிக்கு ராத்திரி அந்தப் பழைய ஃபோல்டரைத் திறங்க. ஓவியமாக்கின படம் ஒவ்வொண்ணுக்கும் அசல் இருக்கான்னு பாருங்க. இருந்தா இன்னொரு நகல் எடுங்க. இல்லேன்னா, அந்தப் படத்துல இருந்தவங்க இன்னும் இருந்தா, நாளைக்கே போய்த் திரும்ப எடுத்துட்டு வாங்க.

டிஸ்கி: போதிகைல இருந்தது தாமரைதான். தம்பி இதைப் படிப்பான்னு தெரியும், அதான் இங்கேயே எழுதிட்டேன் :-)